ஐம்பத்துநான்கு பெயர்கள்

ஹாம், 6.11.2005

வெரோனிக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. தொலைபேசியில் பேசினால் நான் கத்துவேன், நீ வாய் திறக்காமல் இருப்பாய், பிறகு அண்ணன்தான் கத்தினான் என்று கதை வரும். அதனால் எழுதுகிறேன்.

உன்னைக் கொட்புஸிலிருந்து ஐந்நூறு கிலோமீற்றர் ரயிலில் வரவழைத்தது எதற்கு? நம் கரம்பக்குடா மக்கள் ஒன்றியத்தின் தேர்தலை ஒழுங்காக நடத்தித் தருவாய் என்றுதான். பிரஜாவுரிமை எடுத்து ஒரு வருடம் ஆகவில்லை, செப்ரெம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் ஜேர்மன்காரரே கூப்பிட்டு வாக்குச்சாவடியில் இருத்தினார்கள், அது என் தங்கை என்று ஹாமில் நான் சொல்லாத ஆள் இல்லை.

பதினொரு வருடம் நான் தலைவர். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லாரும் கை தட்டுவார்கள், பிறகு தேத்தண்ணியும் வடையும். இந்த முறைதான் ஆனந்தராசா எழும்பி, தானும் நிற்கப்போவதாகச் சொன்னான். நில்லடாப்பா என்றேன். பதிவுக்காக எழுதிய யாப்பில், ஒன்றியத்தின் விதிகளில், 'இரகசிய வாக்கெடுப்பு' என்று ஒரு வரி இருந்தது. அதை எழுதியவனும் நான்தான், நகரசபை தந்த மாதிரியைப் பார்த்து அப்படியே எழுதினேன்.

அறுபத்தொரு வாக்கு. ஐம்பத்தாறு எனக்கு, ஐந்து அவனுக்கு. பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. நீ ஒலிவாங்கியைப் பிடித்து என்ன சொன்னாய்? ஐம்பத்துநான்கு சீட்டில் போட்டவர்கள் தங்கள் பெயரையும் எழுதியிருக்கிறார்கள், இரகசியம் போய்விட்டது, ஆகவே அவை செல்லாது. மிச்சம் ஏழு. ஆனந்தராசாவுக்கு ஐந்து, அருட்பிரகாசத்துக்கு இரண்டு. வென்றவன் மேடைக்கு வர வெட்கப்பட்டுக் கழிப்பறைப் பக்கம் போய்விட்டான். தோற்றவன் நான் அத்தனை சனத்துக்கு முன்னால் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன்.

சனம் அன்பில் எழுதியது, பிள்ளை. பிறந்தநாள் வீட்டுக்குப் பரிசு கொண்டுபோகிறவன் அதில் தன் பெயரை எழுதாமலா கொடுப்பான்?

இதோடு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை, இங்கே சொல்கிற புரோட்டோகோலை, வைத்திருக்கிறேன். ஐம்பத்தாறுக்கு ஐந்து என்று எழுதியிருக்கிறேன். கூட்டத்தை நடத்தியவள் நீ, உன் கையெழுத்து இல்லாமல் நீதிமன்றப் பதிவகம் ஏற்காது. பெப்ரவரி முடிவதற்குள் பதிவு வந்தால்தான் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நகரசபை மண்டபத்தைத் தரும். கையெழுத்தைப் போட்டு உடனே அனுப்பு.

1992இல் நீ பேர்லினில் வந்து இறங்கியபோது உன் அகதி அன்ராக் படிவத்தை நிரப்பியது யார் என்று நான் சொல்லிக்காட்டவில்லை.

அருட்பிரகாசம்

*

கொட்புஸ், 20.11.2005

அன்புள்ள அண்ணா,

நீங்கள் விட்ட சொல்லை நான் எழுதிவிட்டேன்.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். வாக்குப் போடத் தொடங்கி மூன்றாவது ஆளாக நித்தியானந்தன் வந்தார். மேசையில் குனிந்து உங்கள் பெயரை எழுதி, கீழே தன் பெயரையும் எழுதி, மடிக்காமல் என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுத்தான் பெட்டிக்குள் போட்டார். நான் அப்போதே எழும்பி, பெயர் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். வயதில் மூத்தவர், எல்லாருக்கும் முன்னால் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டேன். பிறகு ஒலிவாங்கியில் சொல்வதற்கு முதல் உங்களை ஒரு பக்கம் கூப்பிட்டாவது சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அந்தப் பிளாஸ்ரிக் கதிரையை நினைத்து ரயிலில் பேர்லின் வரைக்கும் அழுதேன்.

ஆனாலும் புரோட்டோகோலைக் கையெழுத்தில்லாமல்தான் திருப்பி அனுப்புகிறேன். ஏன் என்று ஒரு கதையாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கோ.

நான் துப்புரவு செய்கிற பள்ளிக்கூடத்தில் காத்ரின் என்று ஒருத்தி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். என் வயதுதான். என்னை வாக்குச்சாவடிக்குக் கூப்பிட்டது அவள். அன்று பின்னேரம் எண்ணி முடித்துக் கதிரைகளை அடுக்கும்போது, எந்தத் தேர்தலையும் விடாமல் ஏன் இப்படிச் சம்பளமில்லாத வேலைக்கு வருகிறாய் என்று கேட்டேன்.

1989 மே மாதம், கிழக்கு ஜேர்மனிக் காலத்தில், பேர்லின் சுவர் விழுவதற்கு ஆறு மாதம் முந்தி, இதே பள்ளிக்கூடத்தில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலிலும் அவள் மேசையில் இருந்தாளாம். இருபது வயது. அந்தக் காலத்துத் தேர்தல் என்றால் சனம் வந்து, கொடுத்த சீட்டை வாங்கி, மடித்து, பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவது. அரசாங்கம் நிறுத்திய ஆட்களின் பெயர் அச்சடித்தே இருக்கும், எழுத வேண்டியதே இல்லை. மூலையில் திரை போட்ட ஒரு கூடு இருக்கும். அங்கே போகலாம், தடை இல்லை. ஆனால் போனவன் சீட்டில் உள்ள பெயரை வெட்டப் போகிறான் என்று அறைக்கே தெரியும். அப்படிப் போகிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லிக் காத்ரினிடம் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். நாலு பேர் போனார்கள். நாலாவது ஆள் அவளுடைய சொந்தத் தமையன், ஊவ என்று பெயர்.

புள்ளி வைத்தாளாம். தமையன் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவளுடைய பென்சிலைப் பார்த்துவிட்டான். அந்தத் தேர்தலில் தொண்ணூற்றெட்டு வீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். ஆனால் சில ஊர்களில் சனம் வாக்குச்சாவடிக்குள் ஓரமாக நின்று தாங்களும் எண்ணி வைத்திருந்தது, கணக்கு ஒத்துவரவில்லை. அந்தக் கோபம்தான் இலையுதிர்காலத்தில் தெருவுக்கு வந்தது என்று காத்ரின் சொல்கிறாள். அவளுடைய புள்ளியைப் பிறகு ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. தமையனுக்கு ஒன்றும் நடக்கவும் இல்லை. பதினாறு வருடமாக மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு வருவான், சாப்பிடுவான், அவளுக்குப் பக்கத்தில் மட்டும் இருக்கமாட்டான்.

ஹாமில் நடந்ததைக் காத்ரினுக்குச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "எங்களுக்குப் புள்ளி வைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, உங்கள் ஆட்கள் தாங்களே வைத்துக்கொண்டார்களா" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தாளில் கையெழுத்து வரவில்லை அண்ணா.

இவர் பென்ஜமினும் மகள் ஜெனிற்றாவும் சுகம். அண்ணிக்கு என் அன்பு.

தங்கை வெரோனிக்கா

*

ஹாம், 4.12.2005

வெரோனிக்காவுக்கு,

கதை நன்றாக இருந்தது. உன் சிநேகிதியின் நாட்டில் கட்டாயத்தில் போட்டார்கள், இங்கே சனம் விருப்பத்தில் போட்டது. இரண்டையும் ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டாதே. இது அரசாங்கமும் இல்லை, ஊர் ஒன்றியம். ஒரு நத்தார் விழா, ஒரு விளையாட்டுப் போட்டி, பிள்ளைகளுக்குத் தமிழ், இவ்வளவுதான்.

இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா? ஆனந்தராசா பதவியை ஏற்கமாட்டானாம். "அஞ்சு வோட்டிலை தலைவராகி நான் ஆருக்கு முகம் காட்டுறது அண்ணை" என்கிறான். நானும் தலைவர் இல்லை. நத்தார் விழாவுக்கு மண்டபம் பிடிக்க ஆள் இல்லை. மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் சனம் இரண்டு பக்கமாக நின்று கதைக்கிறது, நான் கிட்டப் போனால் நிறுத்துகிறது.

கடைசியாகக் கேட்கிறேன். தாளைத் திரும்ப வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடாவிட்டால் ஏப்ரலில் கோவிலில் ஜெனிற்றாவின் முதல் நன்மை விழாவுக்கு எங்களை எதிர்பார்க்காதே. ஞானத்தகப்பன் இடத்துக்கு ஆனந்தராசாவைக் கூப்பிடு.

அருட்பிரகாசம்

*

கொட்புஸ், 27.12.2005

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை ஜெனிற்றாவுக்குக் காட்டவில்லை. மாமா, மாமி என்று அவளுக்கு இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான், இந்த ஊர்க் கோவிலிலோ பூசைக்கு நாற்பது பேர் வந்தால் பெரிய விஷயம். நீங்கள் வராவிட்டால் எங்கள் பக்கத்து வாங்கு இருக்க ஆளில்லாமல் வெறுமையாகவே கிடக்கும். இதை உங்களை வளைக்க எழுதவில்லை. எனக்கு நோகிறது, அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

நேற்று, நத்தாருக்கு அடுத்த நாள், காத்ரின் வீட்டுக்குப் போயிருந்தோம். ஊவவும் வந்திருந்தார். நல்ல மனிதர், ஜெனிற்றாவுக்கு விறகு வெட்டக் காட்டிக்கொடுத்தார். மேசையில் இடம் போடும்போது காத்ரின் தன் பக்கத்துக் கதிரையை அவருக்கென்று இழுத்து வைத்ததைப் பார்த்தேன். அவர் சுற்றிவந்து பென்ஜமினுக்குப் பக்கத்தில் இருந்தார். எங்களுக்கும் இப்படித்தான் ஆகப்போகிறதா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

சுவர் விழுந்த பிறகு இந்தத் தெருவில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் வேண்டுமென்று காத்ரின் சங்கம் தொடங்கப் பார்த்தாளாம். பதிவுக்கு ஏழு பேர் வேண்டும். மூன்று வருடம் கிடைக்கவில்லை. சனம் நல்ல சனம், பலகை கேட்டால் பலகை தரும், ஆணி அடிக்க வரும், பெயரை மட்டும் தராது. காலமெல்லாம் ஏதோ ஒன்றில் பெயரைக் கொடுக்க வைத்திருந்தார்கள், அதனால் பெயர் என்றாலே பயம் என்றாள். எங்கள் ஆட்களோ கேட்காமலே பெயரைக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே பயம்தானோ என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

நீங்கள் அன்பு என்கிறீர்கள். அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதேங்கோ. ஊர்ச் சனத்தில் பதினேழு பேர் நீங்கள் மேற்பார்வை பார்க்கிற சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். மற்றவர்களின் விசா அன்ராக், வீட்டு அன்ராக், பிள்ளைக்காசு அன்ராக் எல்லாம் உங்கள் கையால் நிரப்பியவை. அந்த அறுபத்தொரு பேரில் நாளைக்கு உங்கள் தயவு தேவைப்படாத ஆள் யார்?

சீட்டுகள் என்னிடம் ஒட்டி மூடிய உறையில் இருக்கின்றன. யார் பெயர் எழுதினார்கள், யார் எழுதவில்லை என்று ஒருவருக்கும் சொல்லமாட்டேன், உங்களுக்கும்தான். ஒரே ஒரு வாக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அது என்னுடையது. நான் உங்களுக்குத்தான் போட்டேன். எழுதி முடித்ததும் என் கையும் கீழே பெயரெழுதப் போனது. அண்ணா பார்ப்பார், சந்தோஷப்படுவார் என்று. வாக்குச்சாவடியில் ஒரு நாள் இருந்த பழக்கத்தில்தான் நிறுத்தினேன்.

தாளை இந்த முறையும் வெறுமையாகத்தான் அனுப்புகிறேன்.

தங்கை வெரோனிக்கா

*

ஹாம், 15.1.2006

வெரோனிக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை. பதில் எழுதத் தொடங்கி நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

நீ பெயர்களைச் சொல்லவில்லை. ஆனால் கணக்குத் தெரிந்தவனுக்கு நீ சொன்னதே போதும். பெயரெழுதாமல் எனக்கு விழுந்தது இரண்டு. ஒன்று நான் எனக்கே போட்டது, நான் ஏன் பெயரெழுதப் போகிறேன். மற்றது நீ. அப்படியென்றால் நான் பார்க்க வேண்டும் என்ற நினைப்பில்லாமல் எனக்குப் போட்ட வேறு ஒரு ஆள் அந்த மண்டபத்தில் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு இதைக் கூட்டிப் பார்த்தேன். இறங்க வேண்டிய இடமும் போய்விட்டது.

அதோடு விடவில்லை. பிளோறன்ஸும் அங்கே வாக்குப் போட்டவள். அவள் போட்டது அந்த இரண்டில் இல்லை. அவள் பெயரெழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆனந்தராசாவுக்குப் போட்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிற பெண்சாதி.

மூன்று நாள் கேட்காமல் இருந்தேன். நாலாம் நாள் வேலையால் வந்து குசினிக்குள் போனேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றாள். உனக்குத் தெரியும், அவள் எப்போதும் அடுப்படியில் நின்றுதான் குடிப்பாள்.

"நீ சீட்டிலை பேர் எழுதினனியோ?" என்றேன்.

"ஓம்."

"ஏனப்பா? நீ ஆருக்குப் போடுவாய் எண்டு எனக்குத் தெரியாதோ?"

கோப்பையைக் கழுவிக்கொண்டு சொன்னாள். "எழுதாமல் விட்டா நீங்கள் வீட்டை வந்து கேப்பியள். அந்த அஞ்சிலை நானும் ஒண்டோ எண்டு யோசிப்பியள். எழுதிப்போட்டா ஒரு கரைச்சலும் இல்லை."

நான் அவள் மேல் ஒரு நாளும் கை ஓங்கியது இல்லை. அது உனக்கும் தெரியும், கடவுளுக்கும் தெரியும். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஆனால் அவள் சொன்ன விதத்தில் கோபமோ குறையோ இல்லை. மழை வந்தால் குடை எடுத்துப்போகிறேன் என்கிற மாதிரிச் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த நாள் வேலைத்தலத்தில் நித்தியானந்தனைக் கேட்டேன். "அண்ணை, பேர் எழுதாட்டி நான் மற்றப் பக்கம் எண்டு நினைச்சிடுவியளெல்லோ. மகனுக்கும் இஞ்சை வேலை கேட்டனான், ஞாபகம் இருக்குத்தானே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு வேறு ஒருவரையும் கேட்கவில்லை.

தேர்தலைத் திரும்ப வைக்கப் போகிறேன், பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி. அந்தத் திரை போட்ட கூட்டை எப்படிச் செய்வது?

அண்ணா

*

கொட்புஸ், 22.1.2006

அன்புள்ள அண்ணா,

எனக்கு அன்று வேலை முறை, வர ஏலாது. அதுவும் நல்லதுதான், இந்த முறை வேறு ஆள் நடத்தட்டும். மரியமலர் அக்காவைக் கேளுங்கோ, கணக்கு வாத்தியார் வேலை பார்த்தவா, ஒருவருக்கும் பயப்படமாட்டா.

தபாலில் ஒரு பெரிய பொதி வரும். சலவை இயந்திரம் வந்த மட்டைப்பெட்டியை வெட்டிக் காத்ரின் செய்தது. மூன்று பக்கம் மறைக்கும், மேசையில் நிமிர்த்தி வைத்தால் போதும். உள்ளே நூலில் ஒரு பேனா கட்டியிருக்கிறாள். எல்லாருக்கும் ஒரே பேனா, ஒரே மை. பெயரெழுதக் கூடாது, பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி மட்டும் போட வேண்டும் என்று தொடங்குவதற்கு முதலே மூன்று தரம் சொல்லச் சொல்லுங்கோ. நான் சொல்லாமல் விட்டதை அவவாவது சொல்லட்டும்.

காத்ரின் ஒன்று சொல்லச் சொன்னாள். எல்லாரும் கூட்டுக்குள் போக வேண்டும். விரும்பினவர் போகலாம் என்று விட்டால் போனவர்தான் அகப்படுவார்.

அண்ணியை வேறு ஒன்றும் கேட்காதேங்கோ.

தங்கை

*

ஹாம், 13.2.2006

அன்புள்ள வெரோனிக்காவுக்கு,

நேற்றுத் தேர்தல் முடிந்தது. நீ இல்லை, போன முறை வராத ஒருவர் வந்தார், அதனால் இந்த முறையும் அறுபத்தொரு பேர்.

மட்டைப்பெட்டியைக் கண்டு சனம் முதலில் பகிடி பண்ணியது. உள்ளே தலையை விட்டால் உடுப்பும் தோய்ந்து வருமோ என்று நித்தியானந்தன் கேட்டான், மண்டபமே சிரித்தது. பிறகு மரியமலர் அக்கா மூன்று தரம் விளங்கப்படுத்தினா. வரிசை தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நித்தியானந்தன்தான் உள்ளே கூட நேரம் நின்றவன். இரண்டு பெயரும் ஒரு புள்ளடியும்தானே, ஐந்து விநாடி வேலை. அவன் இரண்டு நிமிடம் நின்றான், வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பார்க்காமல் போனதில் எனக்கு முதலில் எரிச்சல், பிறகு ஒருவிதத்தில் ஆறுதல்.

என் முறை வந்தது. உள்ளே குனிந்தால் மட்டை மணம், நூலில் ஒரு பேனா, வேறு ஒன்றும் இல்லை. பதினொரு வருடத்தில் என்னை ஒருவரும் பார்க்காத ஒரு இடம் அந்த மண்டபத்தில் இருந்ததில்லை. எனக்கே போட்டேன். பொய் சொல்லவில்லை.

ஆனந்தராசா முப்பத்தொன்று. நான் முப்பது.

அக்கா இரண்டாம் தரமும் எண்ணினா, அதேதான். ஆனந்தராசா இந்த முறை கழிப்பறைப் பக்கம் போகவில்லை, மேடைக்கு வந்தான். நான் கை கொடுத்தேன். அந்த முப்பது பேரையும் நினைக்கிறேன். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை. ஐம்பத்தாறை விட இந்த முப்பது எனக்குப் பெரிதாக இருக்கிறது என்றால் தோற்றவன் கதைக்கிறான் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நித்தியானந்தனின் மகனுக்கு இன்று காலை வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், தகப்பன் யாருக்குப் போட்டான் என்று தெரியாமலே.

இதோடு ஒக்ரோபர் கூட்டத்தின் புரோட்டோகோலைப் புதிதாக எழுதி வைத்திருக்கிறேன். அறுபத்தொரு சீட்டு, ஐம்பத்துநான்கில் பெயர், செல்லாது, மிச்சத்தில் ஆனந்தராசாவுக்கு ஐந்து, எனக்கு இரண்டு, அவன் பதவி ஏற்காததால் திரும்பத் தேர்தல். நடந்தது நடந்தபடி. இப்போது கையெழுத்து வருமா பார்.

ஏப்ரலில் இரண்டு பேரும் வருகிறோம். ஜெனிற்றாவின் வெள்ளைச் சட்டை நீளத்தை அண்ணிக்கு எழுதி அனுப்பு. காத்ரினின் தமையனும் வருவாரென்றால் அவருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் போடு. என் ஜேர்மன் மொழி அவருக்குப் போதும்.

இனி நீ கேட்காதது ஒன்று. ஒரு வாக்கால் தோற்றவனுக்கு அந்த ஒரு வாக்கு யாருடையது என்ற நினைப்பு எப்படி வராமல் இருக்கும்? காரில் வீடு வரும் வரைக்கும் வாய் நுனியில் நின்றது. பிளோறன்ஸ் பக்கத்தில் இருந்து கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் சப்பாத்தைக் கழற்றும்போதும் நின்றது. தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள்.

"கேக்கேல்லையோ?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

பிறகு அடுப்படிக்குப் போய்த் தன் கோப்பையை எடுத்துவந்து, எனக்கு முன்னால் கதிரையை இழுத்து இருந்து குடித்தாள்.

அண்ணா